சொர்ணத்தின் போனுக்கு வந்த எண்

கம்பெனிக்குக் கொரோனா ஊசி போட வந்தவர்கள் போன் நம்பர் கேட்டபோது நான் தரவில்லை. அது என் குணம். லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று ஒரு நாளைக்கு நாலு பேர் ஏற்கெனவே என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கவர்மென்டும் கூப்பிட ஆரம்பித்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? "ஊசி கையிலதானே போடப் போறீங்க, போன்லயா போடப் போறீங்க?" என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்குப் பின்னால் எழுபது பேர் நின்றார்கள். அடுத்து நின்ற சொர்ணம்தான், "என் நம்பரையே ரெண்டு பேருக்கும் போட்டுக்கம்மா, இது இப்புடித்தான்" என்று சொல்லி வரிசையை நகர்த்தினாள்.

இப்படித்தான் நான் ஊசி போட்டுக்கொண்டதற்கான அத்தாட்சி சொர்ணத்தின் போனுக்குள் போய் உட்கார்ந்தது. ஜூனில் முதல் ஊசி, செப்டம்பரில் இரண்டாவது. அதற்கு அடுத்த வாரம் சொர்ணம் பெங்களூருக்குப் போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர்கள். தைத்து முடித்த சட்டை எங்கள் மேசைக்கு வரும். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். காலர், பட்டன், கை எல்லாம் அவள் பார்த்துவிட்டுத் தள்ளுவாள். உள்பக்கத் தையலும் ஓரமும் என் பொறுப்பு. இரண்டு பேரும் பார்த்தால்தான் சட்டை பெட்டிக்குள் போகும். இருபத்துநான்கு வருடம் ஒரே மேசை. காலையில் ஆவடியில் ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவோம், சாயங்காலம் அதே வழியில் திரும்புவோம். இருவருக்கும் வீடு சேக்காட்டில், அடுத்தடுத்த தெரு. அவள் புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கன்னியம்மாள் என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்களோ என்று ஊர் சிரித்த காலம் உண்டு. இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று, சிரிக்கவும் யாரும் இல்லை.

சிங்கப்பூர் போக வேண்டும் என்பது அந்த மேசையில் பிறந்த ஆசை. இத்தனை லட்சம் சட்டை பார்த்து அனுப்பியிருக்கிறோம், வெளிநாட்டுத் தெருவில் எவனாவது ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டாமா? நான்தான் இதை முதலில் சொன்னேன். "பாத்துட்டு இன்னா பண்ணுவ? நடுரோட்டுல நிறுத்தி ஓரத்தைத் திருப்பிப் பாப்பியா?" என்று சொர்ணம் கேட்டாள். பார்ப்பேன் என்றேன். பார்க்கவும் செய்வேன், சந்தேகமே இல்லை. எந்தக் கோயிலுக்கு எந்த நாள், எந்த மிருகக்காட்சிசாலைக்கு எந்த பஸ் என்று மூன்று வருடம் டீ நேரத்தில் பேசிப் பேசி, போகாமலே எங்களுக்கு அந்த ஊர் அத்துப்படி ஆகிவிட்டது. பாஸ்போர்ட் எடுத்தோம். இரண்டாயிரத்து இருபது ஏப்ரலுக்கு ஒரே டிக்கெட்டில் இரண்டு பெயர் போட்டு வாங்கினோம். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. டிக்கெட் வீணாகாது, பிறகு எப்போதாவது தேதி போட்டுக்கொள்ளலாம் என்று விமானக் கம்பெனி சொல்லிவிட்டது.

இந்த இடைவெளியில் சொர்ணத்துக்குப் பேரன் பிறந்தான். மகன் சரணுக்கும் மருமகள் நிஷாவுக்கும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு பேரும் வேலை பார்க்க ஒரு ஆள் குழந்தையைப் பார்க்க வேண்டும். "ஆறு மாசந்தான்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். போவதைப் பற்றி என்னிடம் அவள் கேட்கவில்லை, தகவல்தான் சொன்னாள். எனக்கு எரிச்சல். "போயேன், நானா புடிச்சிகினு கீறேன்?" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நானாகக் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டபோதும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதோடு சரி. கம்பெனியிலும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். சட்டையின் இரண்டு பக்கத்தையும் நான் ஒருத்தியே பார்த்தேன். காலரைப் பார்த்து முடித்துவிட்டு எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவேன். அப்புறம் சுற்றிக்கொண்டு போய் நானே எடுத்து வருவேன். கை அவ்வளவு பழகியிருந்தது.

நவம்பர் கடைசியில் நிர்மல் போன் செய்தான். ஆவடி ஸ்டேஷன் ரோட்டில் டிராவல்ஸ் நடத்துகிறவன், எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். "யக்கா, சிங்கப்பூர் தொறந்துட்டான். ரெண்டு ஊசி போட்டவங்க போலாம். உங்க டிக்கெட்டுக்கு டிசம்பருக்குள்ள தேதி போடணும், இல்லன்னா போச்சு" என்றான். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன். ஒரு தாளைப் பார்த்து விதிகளை வாசித்தான். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் மூக்கில் டெஸ்ட். இறங்கியதும் மறுபடி டெஸ்ட், முடிவு வரும்வரை ரூமை விட்டு வெளியே வரக்கூடாது. இன்சூரன்ஸ் வேண்டும். போனில் ஒரு ஆப் வேண்டும். திரும்பி வந்தால் ஏழு நாள் வீட்டிலேயே தனியாக இருக்க வேண்டும், யாரையும் பார்க்கக் கூடாது.

"அதுக்கு ஒரு சட்டம் வேறயா?" என்றேன். "அத்தத்தான நான் ரெண்டு மாசமா பண்ணிகினு கீறேன்."

நிர்மல் சிரித்தான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. ஊசி சர்டிபிகேட்டில் பாஸ்போர்ட் நம்பர் ஏற வேண்டும். அதற்கு ஊசி போட்டபோது கொடுத்த போனுக்கு ஆறு இலக்கத்தில் ஒரு எண் வரும், அதை மூன்று நிமிடத்துக்குள் அடிக்க வேண்டும். "உன் போனுக்கு வந்துச்சா?" என்று நிர்மல் கேட்டான். அப்போதுதான் எனக்கு அந்த வரிசையும் என் வாய்க்கொழுப்பும் ஞாபகம் வந்தன. நிர்மலிடம் சொர்ணத்தின் நம்பரை அடிக்கச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"யாரு, யக்காவா? இரு இரு, கொயந்த தூங்குது" என்று கிசுகிசுத்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "இப்ப சொல்லு."

"உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துகீதா பாரு. ஊசி விஷயம். சிங்கப்பூருக்கு."

"போறியாக்கா?" என்றாள்.

போகிறோமா என்று கேட்பாள் என நினைத்திருந்தேன். "பாக்கலாம். நம்பரைச் சொல்லு" என்றேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவள் குரலில் லேசாகச் சளி கட்டியிருந்தது. பெங்களூர் குளிர் அவளுக்கு ஆகாது. நிர்மல் எண்ணை அடித்தான். திரையில் என் பெயர், அதற்குக் கீழே அவள் பெயர், ஒரே குடும்ப அட்டையில் இருப்பதைப் போல வந்தது. இருபத்துநான்கு வருடத்தில் எங்கள் இருவரையும் ஒரே வீடு என்று எழுதி வைத்தது அந்த ஒரு திரைதான்.

"பாஸ்போர்ட்டைக் குடுக்கா, ஏத்திட்டா முடிஞ்சிது" என்றான் நிர்மல்.

பாஸ்போர்ட் என் பையில், பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக இருந்தது. "ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேன் நிர்மலு" என்றேன். போனை இன்னும் வைக்கவில்லை, சொர்ணம் லைனில்தான் இருந்தாள்.

ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். வேலை முடிந்துவிட்டால் மறுபடி கூப்பிடக் காரணம் இல்லை. சும்மா கூப்பிடலாமே என்று யாராவது சொல்லலாம். சும்மா கூப்பிட்டு என்ன சொல்வது? நீ இல்லாமல் என்னால் முடியவில்லை என்றா? என் வாயிலிருந்து சண்டை வரும், கேலி வரும், அது மட்டும் வராது. எனக்கு சிங்கப்பூரை விட அவள் கூட வருவதுதான் முக்கியம். டிக்கெட்டில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது. ஒரு வாரம் குழந்தையை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டு, "நீயும் வாடி" என்று நான் கேட்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அதைக் கேட்கத்தான் எனக்கு இன்னும் சில போன் தேவைப்பட்டது.

நிர்மல் என் பையை ஒரு பார்வை பார்த்தான். "சரி, அடுத்த வாரம் எடுத்துகினு வா. ஆனா மறுபடியும் அந்தம்மாகிட்ட நம்பர் கேக்கணும்" என்றான்.

"கேக்கலாம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு பாஸ்போர்ட்டை மேசை மேல் எடுத்து வைத்தேன். இனி அதில் சாக்கு சொல்ல முடியாது. சொர்ணம் ஆறு எண்ணையும் சொன்னாள். நான் தாளில் எழுதி நிர்மலிடம் கொடுத்தேன், நடுவில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி எழுதினேன். அவன் அடித்தான், தப்பு என்றது. இன்னொரு தடவை முயற்சி செய்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த எண் கேட்க முடியும் என்று சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போனான். எனக்கு வேண்டியது அதுதான்.

"கொயந்த எப்புடி கீறான்?" என்று கேட்டேன்.

"பல்லு வருதுக்கா. எதைப் பாத்தாலும் கடிக்கிறான். பதினாலாவது மாடி, ஜன்னலைத் தொறக்கவே உட மாட்டேங்கறாங்க. கீய ஆளுங்க எறும்பு மாதிரி போறாங்க. ஒரு மூஞ்சி தெரியல." பிறகு கேட்டாள். "மேசையில என் எடத்துல யாரு?"

"புதுசா ஒருத்தி வந்துகீறா. வடிவுன்னு பேரு. காலரை நல்லாத்தான் பாக்குறா."

அப்படி ஒருத்தி இல்லை. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாருமே வரவில்லை, உன் ஸ்டூலில் துணிமூட்டையைப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் அடுத்த வார்த்தை தானாக வந்திருக்கும். வீம்பு விடவில்லை. "நல்லதுக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, குழந்தை எழுந்துவிட்டான் என்று வைத்துவிட்டாள். நிர்மல் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நானும் கடையை விட்டுக் கிளம்பிவிட்டேன்.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு புதன்கிழமை, கம்பெனியில் சாப்பாட்டு நேரம். டிபன் டப்பாவை மூடிவிட்டு வேப்பமரத்தடியில் நின்று சொர்ணத்தைக் கூப்பிட்டேன். "நம்பர் வந்துச்சா பாருடி" என்றேன்.

"வரலியேக்கா."

"வரும். இன்னிக்கி லேட்டா வரும்னு நிர்மல் சொன்னான். லைன்லயே இரு."

நிர்மல் அன்று கடையே திறக்கவில்லை. அவன் மச்சான் கல்யாணத்துக்கு நசரத்பேட்டை போயிருந்தான். யாரும் கேட்காத எண் எங்கிருந்து வரும்? ஆனாலும் இருபது நிமிடம் நாங்கள் இரண்டு பேரும் அதற்காகக் காத்திருந்தோம். காத்திருந்த நேரத்தில் பேசினோம். நிஷா நல்ல பெண்தான், ஆனால் வீட்டில் எல்லோரும் காதில் மாட்டிக்கொண்டு பேசுவதால் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை என்றாள். தன்னிடம்தான் பேசுகிறார்கள் என்று நினைத்து நாலைந்து தடவை பதில் சொல்லிவிட்டாளாம். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. இப்போது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கம்பெனி மணி அடித்தது.

"வரலக்கா" என்றாள்.

"நாளைக்கி வரும்" என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் நிர்மல் அவசரப்படுத்தினான். புதிதாக ஒரு வைரஸ் வந்திருக்கிறதாம், சிங்கப்பூர்க்காரன் எப்போது மூடுவான் என்று தெரியாதாம். "இந்த ஞாயித்துக்கெயமைக்குள்ள முடிச்சாவணும்க்கா. உனக்கு நெசமா போவணுமா வேணாமா?" என்று கேட்டான். சனிக்கிழமை வேலை விட்டு வந்ததும் சொர்ணத்திடம் நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ரயிலில் நின்றபடி வார்த்தைகளைச் சரி பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, விளக்கேற்றி, பாயில் உட்கார்ந்து போனைக் கையில் எடுத்தேன். அதுவே அடித்தது. சொர்ணம்.

பெங்களூர் போனதிலிருந்து அவள் இந்த நேரத்தில் கூப்பிட்டதே இல்லை. சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"யக்கா, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்துகீதா பாரு" என்றாள்.

பார்த்தேன். உண்மையிலேயே வந்திருந்தது. ஆறு எண். "இன்னாடி இது, என்னான்ட கேக்குற?"

"சொல்லுக்கா, மூணு நிமிசந்தான்."

இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேங்க்காரன் நாள் தவறாமல் எச்சரிக்கிறான். லோன்காரனிடம் ஒருநாளும் ஏமாறாதவள் நான். சொர்ணம் கேட்கிறாள் என்றதும் முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை தெளிவாக, ஒன்றைக்கூட மாற்றாமல் வாசித்தேன். அவளும் ஏதோ பயணத்துக்காகத்தான் கேட்கிறாள் என்று ஒரு நப்பாசை.

அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. "முடிஞ்சிதுக்கா" என்றாள். "உன் பேரை என் நம்பர்லேர்ந்து எடுத்து உன் நம்பருக்கே மாத்திட்டேன். சரண்தான் எப்புடின்னு சொல்லிக் குடுத்தான். இனிமே உனக்கே வரும். என்னைக் கேக்க வேணாம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எப்போதும் அதுதான் முதலில் வரும். "உன்னை யாருடி மாத்தச் சொன்னது? நான் நம்பருக்காகவா கூப்டுகினு இருந்தேன்?"

"தெரியும்க்கா" என்றாள்.

"இன்னா தெரியும்?" என்றேன்.

"ஊட்டுச் சாவிய மறந்தாலும் நீ பாஸ்போர்ட்டை மறக்கிற ஆளா? அன்னிக்கே தெரியும். புதன்கெயம நம்பரே வராதுன்னும் தெரியும்." அவள் குரல் உடைந்தது. "ஒவ்வொரு தடவையும் உன்னான்ட பேசிட்டு வெச்சப்புறம் எனக்கு இந்த ஊட்ல கால் தரிக்கலக்கா. கொயந்தைய இடுப்புல வெச்சிகினு என் துணிப்பெட்டியப் பாத்துகினு நிக்கிறேன். நேத்து நிஷா அதைப் பாத்துட்டா. ஒண்ணும் சொல்லல, ஆபீசுக்கு லீவு போடட்டுமான்னு மட்டும் கேட்டா. அவ வேல போயிரும்க்கா. இனிமே நீ வான்னு மட்டும் சொல்லிடாத. சொன்னா நான் வந்துருவேன்."

வா என்று சொல்லத்தான் நான் இரண்டு வாரமாக இந்தப் பாடு பட்டேன். நாக்கின் நுனியில் அது நின்றது. சொன்னால் அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள் என்று தெரிந்த அந்த நேரத்தில் அதைச் சொல்லாமல் இருப்பது, ஐம்பத்து மூன்று வருடத்தில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம். பின்னால் குழந்தை அழ ஆரம்பித்தது.

"போய்க் கொயந்தையப் பாரு" என்றேன். "மூக்கடைச்சிகினு பேசுற. வெந்நி குடி."

"சரிக்கா" என்றாள். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் அழுதேன். வீட்டில் யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன்.

ஞாயிறு காலை நிர்மல் கடையைத் திறக்கும்போதே போய் நின்றேன். அவன் என் நம்பரை அடித்தான். என் கையிலிருந்த போன் அதிர்ந்தது. எண்ணைக் காட்டினேன், பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். அவன் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் எல்லாம் முடிந்து, சர்டிபிகேட் அச்சாகி வெளியே வந்தது.

"ரெண்டு நிமிச வேலைக்கா. இத்தப் போயி ரெண்டு வாரம் இழுத்தியே" என்றான். இரண்டு பெயர் டிக்கெட்டைப் பிரித்து எனக்கு மட்டும் தேதி போடச் சொன்னேன். சொர்ணம் அம்மா வரவில்லையா என்று அவன் கேட்கவில்லை. நல்ல மனுஷன். பதினேழாம் தேதி காலை என்றான், சரி என்றேன்.

"ஜன்னல் சீட்டு ஒண்ணு காலியா கீதுக்கா, போடட்டா?"

ஆவடியிலிருந்து பட்டரவாக்கம் வரை இருபத்துநான்கு வருடமும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தது சொர்ணம்தான். காற்று படாவிட்டால் அவளுக்குக் குமட்டும். நான் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்ததே இல்லை, உட்காரத் தோன்றியதும் இல்லை.

"போடு" என்றேன்.